நூற்றெட்டில் அடங்காத கோடி

மகனே,

இங்கே உன் அம்மாவுக்கும் எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. இதை முதலில் எழுதிவிட்டால்தான் மற்றதை நீ நிதானமாகப் படிப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைப் போனில் நீ பேசியபோது என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. கடையில் மூன்று பேர் இருமல் மருந்துக்கு நின்றார்கள். கடைக்காரப் பையன் மரியாதைக்காக முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு காதை மட்டும் என் பக்கம் வைத்திருந்தான். நீ அவசரத்தில் இருந்தாய். "எப்பா, கார்த்திகை தாண்டுனா எனக்கு லீவு கெடையாது. மலைக்கு மேல டூட்டிக்குப் போயிட்டா ரெண்டு வருசம். சாந்தி வீட்ல கல்யாணத்துக்கு அதுவரைக்கும் பொறுக்க மாட்டாக. கோடி முடிஞ்சிருச்சுன்னு அம்மாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவா. பொய் ஒண்ணும் இல்லையே, கணக்குப் போட்டு எழுதுனது நீங்கதான?" என்றாய். நான் "லெட்டர் போடுறேன்" என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்துவிட்டேன். நீ அங்கே பல்லைக் கடித்திருப்பாய். எனக்குத் தெரியும்.

இதை நீ படித்துவிட்டுச் சாந்திக்கும் காட்டு. பின்னால் உங்கள் பிள்ளைகள் படித்தாலும் எனக்கு மறுப்பில்லை. அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் சேர்த்தே எழுதுகிறேன். நான் எதையும் ஆதியிலிருந்து தொடங்கினால்தான் முடிக்கத் தெரிந்தவன். பொறுத்துக்கொள்.

நீ பட்டாளத்தில் சேர்ந்த இரண்டாம் வருஷம், உன்னை எங்கோ எல்லைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு வெகுநாள் ஒன்றும் வரவில்லை. உன் அம்மா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறிப் போய், ஆண்டாள் சன்னதியில் நின்று வேண்டிக்கொண்டு வந்துவிட்டாள். நீ நல்லபடியாக இருக்க வேண்டும், அதற்காகக் கோவிந்தா என்ற நாமத்தை ஒரு கோடி தடவை சொல்வேன், சொல்லி முடித்த பிறகுதான் உன் கல்யாணத்துக்கு மஞ்சள் இடிப்பேன் என்று. வீட்டுக்கு வந்து துளசி மாலையை ஆணியில் மாட்டிக்கொண்டே இதைச் சொன்னாள். நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "கோடியா? எப்படி எண்ணுவ?" மகன் எங்கே இருக்கிறானோ என்று கலங்கிப் போய் வந்தவளிடம் அதைத்தான் கேட்டேன். நீ முதல் தடவை ஊரை விட்டுக் கிளம்பிய அன்றும் இதே கதைதான். பஸ் நகர்ந்துகொண்டிருந்தது, நீ ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டியிருந்தாய், நான் உன்னிடம் கடைசியாகச் சொன்னது மதுரையில் எந்த பிளாட்பாரத்துக்குப் போக வேண்டும் என்பதை. சொல்ல நினைத்தது வேறு. அது என்னவென்று இப்போதும் எழுத வரவில்லை. எண்ணாக இருந்தால் எழுதிவிடுவேன்.

எண்ணும் முறையை உன் அம்மா பஜனை மடத்தில் கேட்டு வந்தாள். மாலையில் நூற்றெட்டு மணி. ஒரு சுற்று முடிந்தால் இந்தச் சட்டியிலிருந்து அந்தச் சட்டிக்கு ஒரு புளியங்கொட்டை போகும். நூறு கொட்டை சேர்ந்தால் அவற்றைத் திருப்பிக் கொட்டிவிட்டு ஒரு சோழியை எடுத்து டப்பாவில் போட வேண்டும். ஆயிரம் சோழி சேர்ந்தால் கோடி. "எப்படி ஆயிரம்? நூற்றெட்டை நூறாலும் ஆயிரத்தாலும் பெருக்கினால் கோடியே எட்டு லட்சமாகிறதே" என்றேன். மாலைக்கு நூறுதான் கணக்கு, மேலே உள்ள எட்டு சொல்லும்போது வரும் பிசகுக்காக விட்டது என்றாள். எட்டு லட்சம் நாமத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதா என்று எனக்கு ஆறவில்லை. அன்றிலிருந்து நான் தனியாக மனதுக்குள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன்.

உனக்குத்தான் தெரியுமே, நான் கணிதம் படித்துவிட்டு ஸ்பின்னிங் மில்லின் டெஸ்டிங் ரூமில் வேலைக்குப் போனவன். எண்களோடு உறவு விட்டுப்போகக் கூடாது என்றுதான் அந்த வேலைக்கு ஒப்புக்கொண்டேன். அங்கே நூலின் நீளத்தை அளக்க ராப் ரீல் என்று ஒரு சக்கரம் உண்டு. ஒரு சுற்றுக்கு ஒன்றரை கெஜம், எண்பது சுற்றுக்கு நூற்றிருபது கெஜம், அதைப் போல ஏழு சேர்ந்தால் ஒரு சிட்டம், எண்ணூற்று நாற்பது கெஜம். எண்ணூற்று நாற்பது நல்ல சுபாவமுள்ள எண். எட்டு வரைக்கும் எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடும். யார் வந்து கேட்டாலும் சரிபாதி, மூன்றிலொன்று, ஏழிலொன்று என்று பிரித்துக் கொடுத்துவிடும். கோடி அப்படியில்லை. பார்வைக்குப் பெரிய மனுஷன். உடைத்துப் பார்த்தால் உள்ளே இரண்டு என்ற எண் ஏழு தடவையும், ஐந்து என்ற எண் ஏழு தடவையும் இருக்கும். வேறெதுவும் கிடையாது. மூன்று இல்லை. நூற்றெட்டிலோ மூன்று என்ற எண் மூன்று தடவை இருக்கிறது. ஆகையால் கோடி நூற்றெட்டில் அடங்காது. இன்னும் எத்தனை சுழி சேர்த்தாலும் அடங்காது, ஏனென்றால் ஒரு சுழி சேர்க்கும்போது உள்ளே வருவது இன்னொரு இரண்டும் இன்னொரு ஐந்தும்தான். லட்சத்தை நூற்றெட்டால் வகுத்தால் நூறு மீதி. பத்து லட்சத்துக்கு இருபத்தெட்டு மீதி. கோடிக்கு அறுபத்து நான்கு. பத்துக் கோடிக்கு மறுபடியும் நூறு, அடுத்ததற்கு இருபத்தெட்டு, அடுத்ததற்கு அறுபத்து நான்கு. உலகம் உள்ளவரை இந்த மூன்று மீதிகளே மாறி மாறி வரும், சுழியம் ஒருபோதும் வராது. சரிதானா என்று மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தேன். சரிதான். என் வாழ்க்கையில் நான் சந்தேகமே இல்லாமல் சொல்லக்கூடிய சங்கதிகள் மிகக் குறைவு. அதில் இது ஒன்று.

இன்னொரு வேடிக்கையும் கிடைத்தது. கோடியை மீதியில்லாமல் வகுக்கக்கூடிய எண்கள் எத்தனை என்று பார்த்தால் அவையும் அறுபத்து நான்கு. மீதியும் அறுபத்து நான்கு, வகுக்கும் எண்களும் அறுபத்து நான்கு! ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு லட்சத்தை வைத்துப் பார்த்தேன். வகுக்கும் எண்கள் முப்பத்தாறு, மீதி நூறு. பத்து லட்சத்துக்கு நாற்பத்தொன்பது, மீதி இருபத்தெட்டு. பொருந்தவில்லை. கோடியில் நடந்தது தற்செயல்தான், அதற்கு ஒரு காரணமும் கிடையாது. உன் அம்மாவிடம் சொன்னேன். "காரணம் இல்லைன்னு கண்டுபிடிக்கவா ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்க? நான் ரசத்துல உப்பு கூடிப்போச்சோன்னுல்ல பயந்துக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

ஆறு வருஷம் ஓடிவிட்டது. உன் அம்மா காலையில் ஒரு மணி நேரம், சாயந்தரம் ஒரு மணி நேரம் சமையலறை வாசலில் பலகையைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். நான் டப்பாவின் சோழிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் கணக்குக்கு ஆயிரம் சோழி. என் கணக்குக்குத் தொள்ளாயிரத்து இருபத்தைந்து சோழி, தொண்ணூற்றிரண்டு புளியங்கொட்டை, அதற்கு மேல் நடக்கும் மாலையில் அறுபத்து நான்காவது மணி. அங்கே நிஜமான கோடி. அது ஆவணி மாதம் ஒரு காலையில் வந்தது. அந்தத் தொண்ணூற்றிரண்டாவது கொட்டை சட்டியில் விழுந்த சத்தம் கேட்டதும் நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். பேப்பருக்கு மேலே கண்ணை வைத்து அவள் கட்டைவிரலையே பார்த்தேன். மணி மணியாக எண்ணினேன். ஐம்பதைத் தாண்டியதும் பேப்பரை இன்னும் கொஞ்சம் இறக்கினேன். ஒரு மனுஷி தன் வாயால் கோடியாவது தடவை ஒரு சொல்லைச் சொல்லப்போகிறாள், உலகத்தில் அது எனக்கு மட்டும் தெரியும், அவளுக்குக்கூடத் தெரியாது. அன்று சாயந்தரமே உனக்கு எழுதிவிட்டேன். நீ சந்தோஷப்பட்டுப் பதில் போட்டாய். நான் எழுதிய அந்தக் கடிதத்தை வைத்துத்தான் இப்போது என்னை மடக்குகிறாய்.

ஆனால் அன்று நடந்ததில் ஒன்றை உனக்கு எழுதாமல் விட்டிருந்தேன். அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று வரை உதடு அசைந்தது. அப்போது தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. உன் அம்மா தலையை மட்டும் வாசல் பக்கம் திருப்பி, அடுத்த வீட்டுப் பெண்ணைப் பார்த்து, "ஏட்டி, தண்ணி வந்திருச்சு பாரு, எங்க குடத்தையும் வரிசைல வையி!" என்று கத்தினாள். கத்தும்போதே கட்டைவிரல் ஒரு மணியைத் தள்ளிவிட்டது. அதுதான் அறுபத்து நான்கு. கோடியாவது மணி நகர்ந்தது, கோடியாவது நாமம் வரவில்லை. அந்த இடத்தில் இருந்தது குடம்.

நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போய்க் குடத்தைத் தூக்கி வந்தேன்.

சரி, இப்போது நடந்ததைச் சொல்கிறேன். நீ பேசிய மறுநாள் சாந்தியின் அப்பா வந்தார். சாந்தியையும் அழைத்துக்கொண்டு வந்தார். நிச்சயம் ஆகாத நிலையில் பெண்ணோடு வருவது சரியில்லை என்று அவருக்கும் தெரியும். அதனால் அய்யனார் கோவில் அருவிக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் எட்டிப் பார்த்ததாகச் சொன்னார். இருவருக்கும் தலைமுடியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. உன் அம்மா அதைப் பார்த்தாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் காபி போட்டுக் கொடுத்தாள். அவர் டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"அத்தான், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. மாப்பிள்ளைக்கு லீவு கார்த்திகையோட சரின்னு தாக்கல் வந்திருக்கு. மார்கழில கல்யாணம் இல்ல. பொறவு ரெண்டு வருசம்னா எங்க அண்ணன்மாரு சும்மா இருப்பாகளா? வன்னியம்பட்டில இருந்து ஒரு எடம் ஏற்கெனவே ரெண்டு தடவ கேட்டு வந்துட்டுப் போயிட்டாக. நான் எம்புட்டு நாளைக்குப் பதில் சொல்லாம இருக்க?"

உன் அம்மா சமையலறை வாசலில் நின்றபடியே, "தம்பி, தை கடைசில எனக்கு முடிஞ்சிரும். மாசில வச்சுக்கிடுவோம்" என்றாள்.

"மாசில மாப்பிள்ளை மலைமேல இருப்பாரேக்கா. போட்டோவையா தாலி கட்டச் சொல்ல?"

யாரும் சிரிக்கவில்லை. சாந்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் என்னைப் பார்ப்பது போல எனக்குத் தோன்றியது. நீ சொன்ன அந்த ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்தேன், மேனேஜர் முன்னால் ஒரு நாளும் நானாக வாயைத் திறந்ததில்லை. நூல் கனம் தவறியிருந்தால் சீட்டில் எழுதி மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுவேன். அன்று எப்படியோ திறந்துவிட்டேன். "நீ ஒரு மாலைக்கு நூறுன்னு எண்ணுற. நிஜத்துல நூத்தெட்டு. அப்படிப் பாத்தா ஆவணியிலேயே கோடி தாண்டிருச்சு" என்றேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். மூன்று இல்லாதது, மீதி அறுபத்து நான்கு, எல்லாவற்றையும் சொன்னேன். சாந்தியின் அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் முகம் மலர்ந்துவிட்டது. "அத்தான் படிச்சவரு சொல்லுதாரு, இன்னும் என்னக்கா?" என்றார்.

உன் அம்மா கோபப்படவில்லை. கோபப்படுவாள் என்று நினைத்து நான் நாற்காலி நுனிக்கு வந்திருந்தேன். அவள் நிதானமாகக் கேட்டாள்: "ஏங்க, சித்திரையில தோப்புக்காரர்கிட்ட மாங்கா நூறு வாங்குறோம். மேல எம்புட்டுப் போடுவாரு?"

"அஞ்சு."

"எதுக்கு?"

"அழுகலுக்கு."

"நாம போயி நூத்தஞ்சு வாங்குனோம்னு ஊருக்குள்ள சொல்லிக்கிட்டா திரியுதோம்? நூறுதான. அந்த எட்டும் அப்படித்தான். அது எனக்குப் போட்டது, என் கணக்குல வராது. தை கடைசி."

மில்லிலும் அறுந்து போகும் நூலுக்காகக் கோனில் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றுவோம், அதை நாங்கள் எடையில் சொல்ல மாட்டோம். நானே செய்த வேலை. அதை உன் அம்மா மாங்காயை வைத்துச் சொன்னாள். சாந்தியின் அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டார். கிளம்புகிறார் என்று நினைத்தேன். இந்தச் சம்பந்தம் முடிந்தது, உனக்கு எழுத வேண்டிய கடிதம் இதுதான் என்று மனதுக்குள் முதல் வரியைக்கூடத் தேடத் தொடங்கிவிட்டேன்.

அப்போது சாந்தி வாயைத் திறந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுக்கிறாள் என்பது உனக்குத் தெரியும். எனக்கு அதன் பொருள் அன்றுதான் தெரிந்தது. "அத்தை, அழுகல் எம்புட்டு இருந்துச்சு?" என்றாள்.

"என்னது?"

"மாங்கா அஞ்சு கூடப் போட்டாருன்னா, அழுகுனது ரெண்டுதான்னா மிச்சம் மூணு நமக்குத்தான? எங்க இன்ஸ்டிடியூட்ல தப்பை எண்ணிக் கழிச்சுட்டுத்தான் ஸ்பீடு போடுவோம். தப்பே எண்ணாம மொத்தமா எட்டுன்னு கழிச்சுட்டா எப்படி? ஒரு மாலைக்கு உங்களுக்கு எத்தன பிசகும்?"

அவள் அப்பா "ஏட்டி, சும்மா இரு" என்று அதட்டினார். உன் அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். பிறகு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளிடம் இத்தனை வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. நான் மணியை எண்ணினேன், சோழியை எண்ணினேன், மீதியைக் கண்டுபிடித்தேன். இதைக் கேட்கவில்லை. அவள் முகத்தில் முதலில் ஒரு திகைப்பு வந்தது, அப்புறம் மெல்லச் சிரிப்பு வந்தது.

"எட்டுக்குள்ள அடங்குமாட்டி? தண்ணி வந்துச்சான்னு ஒரு பத்து போகும். அடுப்புல பால் பொங்கிருச்சோன்னு ஒரு பத்து. இவுக அந்தப் பேப்பருக்குப் பின்னால இருமுறாகளே, சளி பிடிச்சிருக்கோன்னு ஒரு அஞ்சு. அவன் அங்க என்ன தின்னானோன்னு நெனைக்க ஆரம்பிச்சா மாலை முடிஞ்சதே தெரியாது, கை தானா உருட்டிக்கிட்டுப் போகும். மாலைக்கு அம்பது தேறுனா அதிசயம்."

எனக்கு அந்தக் குடம் நினைவுக்கு வந்தது. கண்ணால் பார்த்த சாட்சி நான். ஆனால் சொல்லவில்லை. அவளே சொல்லிக்கொண்டிருக்கும்போது என் சாட்சி எதற்கு? அதற்குப் பதிலாக மில் புத்தி முந்திக்கொண்டது. "வேணும்னா ஒரு அஞ்சு மாலைய மட்டும் மாதிரிக்கு எடுத்து, அதுல எத்தன பிசகுதுன்னு பாத்தா சராசரி..." என்று ஆரம்பித்தேன்.

"ஆமா, என் நாக்கை எடுத்து உங்க ராப் ரீல்ல சுத்திப் பாருங்க!" என்றாள். சாந்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்பாதான் சிரிக்கவில்லை. அவருக்குக் கணக்கு வேறு திசையில் போவது தெரிந்துவிட்டது. "அக்கா, மாலைக்கு அம்பதுன்னா இன்னும் பாதிக் கோடி இருக்கே! அப்ப கல்யாணம்?" என்றார்.

நானும் மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். மாலைக்கு ஐம்பதென்றால் இன்னும் ஆறேழு வருஷம். அதிலும் ஐம்பதுதான் என்று யார் சொன்னது? நாற்பதாக இருந்தால்? எனக்குப் பத்தின் அடுக்குகளைப் பற்றி எதையும் நிரூபித்துக் காட்ட முடியும். கோடிக்கு மேல் எத்தனை சுழி வைத்தாலும் மீதி என்னவென்று இங்கே உட்கார்ந்தபடியே சொல்வேன். ஆனால் என் எதிரில் உட்கார்ந்து என் மனைவி சொன்னதில் எத்தனை நாமம், எத்தனை பால் பொங்கல், எத்தனை நீ என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நான் ஆறு வருஷம் எண்ணியது துளசி மணிகளை. அதை அவளுடைய வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் அம்மா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "அதத்தான் தம்பி நானும் இப்ப நெனைச்சேன். இவுக கணக்குக்கு ஆவணில முடிஞ்சுபோச்சு. மடத்துக் கணக்குக்குத் தைல முடியும். எங்கணக்குக்கு நான் செத்தாலும் முடியாது. முடியாத ஒண்ண வாசல்ல குறுக்க போட்டு வச்சுக்கிட்டு எம் புள்ளைய ரெண்டு வருசம் நிறுத்துனா, அது வேண்டுதல் இல்ல, வீம்பு. நீங்க கார்த்திகைல நாள் பாருங்க. வேண்டிக்கிட்டவ நான். ஆண்டாள்கிட்ட நான் பேசிக்கிடுறேன்."

மறுநாள் காலை பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். நானும் கூடப் போனேன், அவள் கூப்பிடாமலே. சன்னதியில் கூட்டம் இல்லை. உன் அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, அடுத்த வீட்டுக்காரியிடம் பேசுவது போல, வாய்விட்டே சொன்னாள்: "தாயே, கோடின்னு சொல்லிட்டேன். எண்ணிப் பாத்தா எண்ணத் தெரியல. எம் புள்ளைக்கு லீவு இல்ல. கல்யாணத்த முடிச்சிட்டு வாரேன், விட்ட எடத்துல இருந்து சொல்லுதேன்." அர்ச்சகர் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது, பிறகு இல்லை. திரும்பும்போது பஸ்ஸில் அவள் மடியில் மாலை இருந்தது, உதடு அசைந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எண்ணவில்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். பாதி வழி வரை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

ஆகவே நீ கேட்ட அந்த ஒரு வார்த்தையை, கோடி முடிந்துவிட்டது என்பதை, நான் சொல்லத்தான் செய்தேன். அதனால் ஒன்றும் நடக்கவில்லை. நீயும் இனிமேல் அவளிடம் அதைச் சொல்லாதே. முடிந்தது என்றால் அவளுக்குப் பொய், முடியவில்லை என்றால் எனக்குப் பொய். உனக்குக் கல்யாணப் புத்திமதி சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் எழுதுகிறேன். சாந்தி சரியான கேள்வியைக் கேட்கத் தெரிந்த பெண். வீட்டில் நீ சொல்வதே சரியாக இருக்கும் நாட்கள் வரும், பட்டாளத்துக்காரனுக்கு அது அதிகமாகவே வரும். அந்த நாட்களில் உன் சரியான கணக்கை எடுத்து வைப்பதற்கு முன்னால் அவள் என்ன கேட்கிறாள் என்று பார். நான் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பருக்குப் பின்னாலிருந்து பார்த்ததற்குப் பதில், படியில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தால் ஆறு வருஷத்துக்கு முன்பே எனக்குத் தெரிந்திருக்கும், ஒரு மாலைக்கு எத்தனை தடவை அவள் உன்னிடம் வந்துவிட்டுப் போகிறாள் என்று.

முகூர்த்தம் கார்த்திகை இரண்டாவது வாரம், ஸ்ரீவில்லிபுத்தூரில், அவர்கள் வீட்டுப் பக்கத்து மண்டபத்தில். லீவுக்கு இன்றைக்கே எழுதிக் கொடு. எத்தனை நாள் கேட்டாய், எத்தனை நாள் கொடுத்தார்கள் என்று எனக்குக் கார்டு போடு. உன் அம்மா நேற்று மஞ்சள் வாங்கிக் காய வைத்துவிட்டாள். மாலையும் நடக்கிறது, சோழியும் விழுகிறது.

பட்டுச் சட்டைக்கு உன் அளவு வேண்டுமாம். போன தடவை தைத்த அளவையே எழுதி அனுப்பிவிடாதே. அங்கே உனக்குச் சாப்பாடு எப்படியோ, இளைத்திருந்தால் இளைத்த அளவையே எழுது. யாரையாவது நாடாவைப் பிடிக்கச் சொல்லி மார்பு, தோள், கை மூன்றையும் இரண்டு தடவை அளந்து பார்த்து எழுது. நீ என்ன எழுதினாலும் உன் அம்மா தையற்காரரிடம் ஓர் அங்குலம் கூட்டி வைக்கத்தான் சொல்வாள். சட்டை கொஞ்சம் தொளதொளவென்று இருக்கும். ஒன்றும் சொல்லாமல் போட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா